வளர்ச்சிக் காரணி வெளியே, கைனேஸ் உள்ளே

டிஏபி மூட்டையின் மேல் 18:46:0 என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் தழைச்சத்து, கடைசி எண் சாம்பல் சத்து, நடுவில் நிற்கும் 46 மணிச்சத்து. அந்த 46 பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு; பாஸ்பரஸை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஐம்பது கிலோ மூட்டைக்குப் பத்து கிலோ தேறும். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் குறுவைக்கும் சம்பாவுக்கும் அடியுரமாக இதைத்தான் பலரும் இறைக்கிறார்கள். வயலில் விழுந்ததில் பெரும்பங்கு மண்ணோடு ஒட்டிக்கொண்டுவிடும். மிச்சம் பயிருக்குள் ஏறி, நெல்லாகி, சோறாகி நம் உடம்புக்கு வந்து சேர்கிறது.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்பரஸ் உண்டு. அதில் எண்பத்தைந்து சதவீதம் எலும்பிலும் பல்லிலும் கிடக்கிறது. மீதி பெரும்பாலும் செல்களுக்குள் இருக்கிறது: டிஎன்ஏ இழையில், சவ்வின் கொழுப்பில், ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறில். இவை போக மிகச் சின்ன ஒரு பங்கு, பாஸ்பேட்டாகப் புரதங்களின் மேல் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. அளவில் அற்பம்தான். ஆனால் ஒரு செல் வளரலாமா, இரண்டாகப் பிரியலாமா, இடம் பெயரலாமா, பேசாமல் இருக்கலாமா என்பது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் முடிவாகிறது.

பாஸ்பேட்டை ஏற்றிவிடும் நொதிக்குப் புரதக் கைனேஸ் என்று பெயர். இறக்கிவிடுவது பாஸ்பட்டேஸ். செல்லுக்கு வெளியே மிதந்து வரும் வளர்ச்சிக் காரணி என்ற சிறு புரதம், உள்ளே இருக்கும் கைனேஸ்களை எப்படி வேலைக்கு எழுப்புகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பிளஸ் டூவில் உயிரியல் படித்து மறந்துவிட்டவருக்கும் புரிய வேண்டும் என்பது என் எண்ணம். கொஞ்சம் வேதியியல் வரும், அதைத் தவிர்க்க முடியாது.

ஒரு பாஸ்பேட் ஏறினால் என்ன ஆகும்?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. அது தன்மேல் தானே மடிந்து ஒரு வடிவத்துக்கு வருகிறது. அந்த வடிவம்தான் அதன் வேலை. இருபது வகை அமினோ அமிலங்களில் செரின், திரியோனின், டைரோசின் ஆகிய மூன்றின் நுனியில் மட்டும் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து நீட்டிக்கொண்டிருக்கும். நம் செல்களில் கைனேஸ் முக்கியமாகக் கை வைப்பது அங்கேதான். ஏடிபியில் வரிசையாக மூன்று பாஸ்பேட் இருக்கும். கைனேஸ் தன் நடுவில் உள்ள பள்ளத்தில் ஏடிபியை வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி பாஸ்பேட்டைக் கழற்றி எதிரில் இருக்கும் புரதத்தின் செரினிலோ திரியோனினிலோ டைரோசினிலோ மாட்டிவிடுகிறது. மூன்றில் ஒன்றை இழந்த ஏடிபி, இரண்டு பாஸ்பேட் மட்டும் உள்ள அடினோசின் டைபாஸ்பேட்டாக வெளியே போகிறது.

ஏறிய பாஸ்பேட்டுக்கு இரண்டு எதிர்மின்னேற்றம் உண்டு. அதுவரை மின்னேற்றமே இல்லாமல் இருந்த இடத்தில் திடீரென்று இரண்டு வந்து உட்கார்ந்தால் சுற்றியிருப்பவை சும்மா இருக்காது. பக்கத்தில் நேர்மின்னேற்றம் கொண்ட ஆர்ஜினின் இருந்தால் அது இழுபடும். எதிர்மின்னேற்றம் கொண்டவை விலகும். புரதத்தின் மடிப்பு கொஞ்சம் நகரும். மூடிக் கிடந்த பள்ளம் திறக்கலாம், திறந்திருந்தது மூடலாம். இல்லாவிட்டால் இன்னொரு புரதம் வந்து ஒட்டிக்கொள்ளத் தோதான ஓர் இடம் புதிதாக உருவாகலாம். இந்தக் கடைசி வகை பின்னால் மிக முக்கியமாக வரும்.

1955 வாக்கில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் என்ற இருவர் முயலின் தசையில் இதை முதலில் பார்த்தார்கள். சேமித்து வைத்த சர்க்கரையை உடைக்கும் நொதி ஒன்று, பாஸ்பேட் ஏறினால் வேலை செய்தது, இறங்கினால் ஓய்ந்தது. அந்த ஒரு நொதியின் தனிக்குணமாக மட்டும் இருந்திருந்தால் இதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். போகப் போக, எங்கே கை வைத்தாலும் இதே கதை வந்தது. இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 1992-ல். மனித மரபணுத் தொகுதி வெளிவந்த பிறகு 2002-ல் எண்ணிப் பார்த்ததில் 518 கைனேஸ் மரபணுக்கள் தேறின. நம்மிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் இருபதாயிரம். அப்படியானால் நாற்பதுக்கு ஒன்று இந்த ஒரே வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

விரலில் ஒரு வெட்டு

வரப்பில் புல் அறுக்கும்போது கருக்கரிவாள் இடது ஆள்காட்டி விரலை இழுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விரலை அமுக்கிப் பிடித்து, பக்கத்தில் முளைத்துக் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு பிழிந்து, துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சப் புல்லையும் அறுத்து முடித்துவிட்டுத்தான் பலர் வீட்டுக்கு வருவார்கள். (டிடி ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள். சேற்றுக்காயத்தில் அசட்டை கூடாது.)

சில நிமிடத்தில் ரத்தத் தட்டணுக்கள் வெட்டுவாயில் குவிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ரத்தம் உறைகிறது. தட்டணுக்கள் செய்வது அடைப்பு வேலை மட்டும் இல்லை. அவற்றின் உள்ளே சின்னச் சின்னப் பைகளில் வளர்ச்சிக் காரணிகள் தயாராக இருக்கின்றன. ஒட்டிக்கொண்டதும் அவற்றை வெளியே கொட்டுகின்றன. இது தெரிய வந்த விதம் அழகானது. ரத்தத்தை உறைய விட்டுப் பிரிக்கும் தெளிநீர் சீரம். உறைய விடாமல் செல்களை நீக்கி எடுப்பது பிளாஸ்மா. ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களுக்குச் சீரம் ஊற்றினால் பெருகின; பிளாஸ்மா ஊற்றினால் சோம்பிக் கிடந்தன. ஒரே ரத்தம்தான். உறைதல் நடந்ததா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம். 1974-ல் ரஸ்ஸல் ராஸும் வேறு சிலரும் இதைத் துருவிப் போனதில், தட்டணுக்கள் உறையும்போது வெளிவிடும் ஒரு காரணிதான் செல்களைப் பெருக வைக்கிறது என்று தெரிந்தது. அதற்குத் தட்டணு வளர்ச்சிக் காரணி என்ற பெயர் நிலைத்தது. காயம் பட்ட இடத்தில் மட்டும், காயம் பட்ட நேரத்தில் மட்டும் வெளிவரும்படி பூட்டி வைத்திருக்கிறது உடம்பு. வேறெங்கும் கொட்டினால் வம்பு.

ஒரு நாளுக்குள் வெட்டின் இரு கரைகளிலும் உள்ள தோல் செல்கள் தங்கள் பிடியைத் தளர்த்தி, பொருக்குக்கு அடியில் நடுவை நோக்கி ஊர ஆரம்பிக்கும். அவற்றுக்குப் பின்னால் உள்ளவை இரண்டு இரண்டாகப் பிரிந்து வெற்றிடத்தை நிரப்பும். அடியில் இழைமச் செல்கள் வந்து கொலாஜன் நெய்யும். புது ரத்தக் குழாய் கிளைக்கும். இரு கரையும் தொட்டுக்கொண்டதும் ஊர்வது நிற்கும். ஆறின விரலைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஆனால் யோசித்தால், ‘கிளம்பு’ என்று சொன்னது யார் என்பதைவிட ‘போதும்’ என்று சொன்னது யார் என்பதுதான் எனக்கு எப்போதும் பெரிய கேள்வியாகத் தோன்றும்.

தோல் செல்களைக் கிளப்பும் முக்கியமான காரணி மேற்தோல் வளர்ச்சிக் காரணி. சுருக்கமாக இஜிஎஃப். இதைக் கண்டுபிடித்தவர் ஸ்டான்லி கோஹன். நரம்பு வளர்ச்சிக் காரணியை ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு சேர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியாகப் போட்டபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. வழக்கமாக இரண்டு வாரம் ஆகும் கண் திறப்பு, ஒரு வாரத்திலேயே நடந்துவிட்டது. நரம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இமையின் தோல் முந்தி வளர்ந்து பிரிந்திருக்கிறது. இன்னொருவராக இருந்தால் ‘சாறு சுத்தமில்லை’ என்று விட்டிருப்பார். கோஹன் அதைப் பிடித்துக்கொண்டு போய் 1962-ல் காரணியைத் தனியாகப் பிரித்தெடுத்ததைச் சொன்னார். இருவருக்கும் 1986-ல் நோபல்.

சவ்வைத் தாண்டாத சேதி

இஜிஎஃப் 53 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம். தண்ணீரில் கரைவது. செல்லின் சவ்வோ கொழுப்பால் ஆனது. இஜிஎஃப் அதை ஊடுருவ முடியாது, ஊடுருவத் தேவையும் இல்லை. சவ்வின் குறுக்கே ஒரு பெரிய புரதம் நிற்கிறது, 1186 அமினோ அமில நீளம். தலை வெளியே, ஒரே ஒரு இழை சவ்வுக்குள்ளே, வால் உள்ளே. இதுதான் இஜிஎஃப் ஏற்பி. இதில் கவனிக்க வேண்டியது, உள்ளே இருக்கும் பகுதியே ஒரு கைனேஸ் என்பது. சேதி வாங்குவதும் பாஸ்பேட் ஏற்றுவதும் ஒரே புரதம். மனித உடம்பில் இப்படிப்பட்ட டைரோசின் கைனேஸ் ஏற்பிகள் 58 இருக்கின்றன. இன்சுலின் ஏற்பி அதில் ஒன்று.

இஜிஎஃப் வராதபோது ஏற்பிகள் பெரும்பாலும் ஒற்றையாகத் திரிகின்றன. ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் ஒரு கை உண்டு. அது மடங்கி ஒளிந்திருக்கும். இஜிஎஃப் வந்து ஒட்டியதும் தலை வளைந்து அந்தக் கை வெளியே நீள்கிறது. நீண்ட கை இன்னொரு ஏற்பியின் நீண்ட கையைப் பிடித்துக்கொள்கிறது. வெளியே ஜோடி சேர்ந்தால் உள்ளேயும் இரண்டு கைனேஸ்கள் அருகருகே வந்துவிடும்.

அருகில் வந்தால் ஏன் வேலை தொடங்குகிறது? பல ஏற்பிகளில் கைனேஸின் பள்ளத்தை ஒரு சின்ன வளையம் மறித்துக்கொண்டிருக்கும். ஜோடியில் ஒன்று மற்றதன் வளையத்தில் பாஸ்பேட் ஏற்றிவிட்டால் வளையம் விலகும், பள்ளம் திறக்கும். பிறகு இதுவும் அதற்கு அப்படியே செய்யும். இஜிஎஃப் ஏற்பி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அதில் ஒரு கைனேஸ் மற்றதன் முதுகில் அழுத்தி, அந்த அழுத்தத்தாலேயே அதை இயங்கும் வடிவத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஜான் குரியனின் குழு 2006-ல் இதைக் காட்டியது. ‘ஏற்பிகள் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஏற்றி விழித்துக்கொள்கின்றன’ என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதும் பாடப்புத்தக வரி இங்கே அப்படியே பொருந்தாது. தேர்வுக்கு அது போதும், உண்மைக்குப் போதாது.

விழித்த கைனேஸ் அடுத்து என்ன செய்யும்? ஜோடியின் வால்களில் இருக்கும் டைரோசின்களில் வரிசையாகப் பாஸ்பேட் ஏற்றும். 

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வெளியிலிருந்து சவ்வைத் தாண்டி உள்ளே வந்தது எது? ஒன்றுமே இல்லை. இஜிஎஃப் வெளியேதான் இருக்கிறது. இரண்டு புரதங்கள் நெருங்கின, வடிவம் மாறின. அவ்வளவுதான் உள்ளே வந்த சேதி. செல் சமிக்ஞை என்றதும் ஏதோ ஒரு பொருள் உள்ளே ஓடி வருவதாகக் கற்பனை செய்துகொள்கிறோம். புத்தகங்களில் போடும் அம்புக்குறிகள் அந்தக் கற்பனைக்குத் தீனி போடுகின்றன.

டைரோசின் மேலும் பாஸ்பேட் ஏறும் என்பதே நெடுநாள் யாருக்கும் தெரியாது. காரணம் எளிது: செல்லில் பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களில் டைரோசினின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. 1979-ல் டோனி ஹன்டர், புற்று உண்டாக்கும் வைரஸ்களின் புரதத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். பாஸ்பேட் ஏறியது திரியோனினாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அமினோ அமிலங்களைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரிக்கும் கரைசலைப் புதிதாகக் கலக்கச் சோம்பல்பட்டுப் பழையதையே பயன்படுத்தினார். பழையதாகிப் போனதால் அதன் பிஎச் 1.9-லிருந்து 1.7-க்கு இறங்கியிருந்தது. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் டைரோசின் புள்ளி திரியோனினை விட்டுத் தனியே பிரிந்து தெரிந்தது. புதுக் கரைசலாக இருந்திருந்தால் இரண்டும் ஒரே புள்ளியாக ஓடியிருக்கும். அடுத்த ஆண்டே, இஜிஎஃப் ஏற்பி ஏற்றுவதும் டைரோசின் மேல்தான் என்று கோஹனின் ஆய்வகம் சொல்லிவிட்டது.

ராஸ், ராஃப், மெக், எர்க்

வாலில் ஏறிய பாஸ்பேட் இப்போது ஒட்டும் இடமாகிறது. கிரப்2 என்ற புரதத்தில், பாஸ்பேட் ஏறிய டைரோசினை மட்டும் பிடிக்கும் ஒரு பகுதி உண்டு. அது வந்து ஒட்டும்போது தன்னோடு சாஸ் என்ற இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வரும். சாஸ் இதுவரை செல்லின் உள்நீரில் எங்கோ இருந்தது. இப்போது சவ்வுக்கு அருகில் வந்துவிட்டது. சவ்வின் உட்பக்கத்தில் கொழுப்பு வாலால் ஒட்டிக்கொண்டிருக்கிறது ராஸ் என்ற புரதம். சாஸ் அதைத் தொட்டு, அது பிடித்திருக்கும் குவனோசின் டைபாஸ்பேட் என்ற, இரண்டு பாஸ்பேட் கொண்ட சிறு மூலக்கூறை விடுவிக்கிறது. காலி இடத்தில், செல்லில் தாராளமாக இருக்கும் அதன் அண்ணன், ஒரு பாஸ்பேட் கூடுதலான குவனோசின் டிரைபாஸ்பேட், ஏறிக்கொள்ளும். ராஸ் இயங்கத் தொடங்கும்.

ராஸ் கைனேஸ் இல்லை. ஆனால் ராஃப் என்ற கைனேஸைச் சவ்வுக்கு இழுத்து எழுப்பும். ராஃப், மெக் என்ற அடுத்த கைனேஸின் இரண்டு செரின்களில் பாஸ்பேட் ஏற்றும். மெக், எர்க் என்ற இன்னொரு கைனேஸின் ஒரு திரியோனினிலும் ஒரு டைரோசினிலும் ஏற்றும். இரண்டு வகையிலும் கை வைக்கும் கைனேஸ்கள் அபூர்வம்; மெக் அப்படி ஒன்று. எர்க் விழித்ததும் உள்நீரிலும் உட்கருவிலும் போய் நூற்றுக்கணக்கான புரதங்களில் பாஸ்பேட் ஏற்றுகிறது.

இந்த வரிசையை முதலில் படிக்கிறவர்களுக்கு, ஏன் இத்தனை படி, ஏற்பியே நேராக எர்க்கை எழுப்பக் கூடாதா என்று தோன்றும். இதற்கு நம் ஊர்ப் பாசனத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேட்டூரில் திறக்கிறார்கள். தண்ணீர் கல்லணைக்கு வருகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. ஒவ்வொரு ரெகுலேட்டரிலும் ஷட்டரை ஏற்றினால்தான் அடுத்த ஆற்றுக்குப் போகும், அப்புறம் வாய்க்கால், அப்புறம் மடை. மேலே ஒரு இடத்தில் செய்யும் காரியம் கீழே ஆயிரம் இடத்தில் போய்ச் சேர்கிறது. நடுவில் எந்த இடத்திலும் அடைக்கவோ கூட்டவோ முடிகிறது. இதுவரை ஒற்றுமை சரி. வேதாரண்யத்துக்காரரும் திருத்துறைப்பூண்டிக்காரரும் இங்கே சிரிப்பார்கள், கடைமடைக்குப் போகப் போகத் தண்ணீர் குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். செல்லில் நடப்பது நேர் தலைகீழ். ஒரு கைனேஸ் ஒரே ஒரு புரதத்தை எழுப்பிவிட்டு ஓய்ந்துவிடுவதில்லை. அது நொதி, அடுத்தடுத்துப் பலவற்றை எழுப்பும். ராஃப் எண்ணிக்கையில் குறைவு, மெக்கும் எர்க்கும் மிக அதிகம். சவ்வில் சில ஏற்பிகள் ஜோடி சேர்ந்தால் போதும், கடைமடையில் எர்க் கூட்டமாக விழிக்கும். இன்னொரு வித்தியாசம், மேட்டூரில் இருந்த அதே தண்ணீர்தான் வயலுக்கு வருகிறது. செல்லில் எதுவும் மேலிருந்து கீழே வருவதில்லை. ஏற்பியில் ஏறிய பாஸ்பேட் ஏற்பியிலேயே இருக்கிறது. ராஃப் ஏற்றுவதும் மெக் ஏற்றுவதும் அந்தந்த இடத்தில் புதிதாக ஏடிபியிலிருந்து எடுத்த பாஸ்பேட்.

உட்கருவுக்குப் போன எர்க், மரபணுக்களை எழுப்பும் புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும். அரை மணி நேரத்துக்குள் ஃபாஸ் போன்ற மரபணுக்கள் படியெடுக்கப்படும். சில மணி நேரத்தில் சைக்ளின் டி1 என்ற புரதம் சேரும். செல் பிரிவதற்கான ஆயத்தம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இஜிஎஃப் ஏற்பியிலிருந்து இது ஒன்றுதான் பாதை என்று நினைக்க வேண்டாம். வேறு டைரோசின்களில் வேறு புரதங்கள் ஒட்டும். பிஐ3 கைனேஸ் என்பது புரதத்தில் அல்லாமல் சவ்வின் கொழுப்பிலேயே பாஸ்பேட் ஏற்றி, அதன் மூலம் ஆக்ட் என்ற கைனேஸை எழுப்பும். செல் சாகாமல் இருக்கவும், வளரவும் அது வேண்டும். அதைத் தனியாக எழுதினால்தான் நியாயம்.

எவ்வளவு நேரம் என்பதும் சேதிதான்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. எலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து எடுத்த பிசி12 என்ற செல் வகை ஆய்வகங்களில் வளர்கிறது. அதற்கு இஜிஎஃப் கொடுத்தால் பிரிந்து பெருகும். நரம்பு வளர்ச்சிக் காரணி கொடுத்தால் பெருகுவதை நிறுத்திவிட்டு, நரம்பு செல் போல நீண்ட இழைகளை விடும். இரண்டும் எழுப்புவது அதே ராஸ், அதே ராஃப், அதே மெக், அதே எர்க். பிறகு எப்படி இரண்டு விளைவு? இஜிஎஃப் கொடுத்தால் எர்க் சில நிமிடம் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது. நரம்புக் காரணி கொடுத்தால் மணிக்கணக்கில் இறங்காமல் நிற்கிறது. யார் விழித்தார் என்பதோடு எவ்வளவு நேரம் விழித்திருந்தார் என்பதையும் செல் பார்க்கிறது.

அதனால்தான் இறக்கிவிடும் வேலையை நான் ஏற்றும் வேலைக்குச் சமமாக வைப்பேன். அது ஒரே இடத்தில் நடப்பதில்லை. ஏற்பியின் ஜோடியைச் செல் அப்படியே உள்ளே விழுங்கி, பெரும்பாலும் செரித்துவிடும். ராஸ் தான் பிடித்திருக்கும் கூடுதல் பாஸ்பேட்டைத் தானே வெட்டிவிட்டு ஓயும்; தனியாக விட்டால் மெதுவாக வெட்டும், துணைப்புரதம் வந்தால் வேகமாக. பாஸ்பட்டேஸ்கள் எல்லாப் படியிலும் பாஸ்பேட்டைக் கழற்றிக்கொண்டே இருக்கும். எர்க் விழித்ததும் தூண்டும் மரபணுக்களில் சில, எர்க்கையே அணைக்கும் பாஸ்பட்டேஸ்களுக்கான மரபணுக்கள். தன்னை நிறுத்தப்போகிறவரை அதுவே வரவழைத்துக்கொள்கிறது. போதாததற்கு எர்க் திரும்பிப் போய் சாஸின் மேலும் பாஸ்பேட் ஏற்றி மேற்படியைத் தளர்த்தும்.

இதில் ஒன்று கெட்டால் என்ன ஆகும் என்பதைப் புற்றுநோய் வார்டுகளில் பார்க்கலாம். ராஸில் 12-வது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், பாஸ்பேட்டை வெட்டும் திறன் போய்விடும். வெளியே இஜிஎஃப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே சேதி ஓயாது. மனிதப் புற்றுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ராஸ் குடும்பத்தில் பிசகு இருக்கிறது. சில மார்பகப் புற்றுகளில் இஜிஎஃப் ஏற்பியின் உறவான ஹெர்2 சவ்வு முழுக்க நெருக்கமாக நிற்கும். அத்தனை நெருக்கத்தில் காரணியே வராமல் ஜோடி சேர்ந்துவிடும்.

நாள்பட்ட ஒரு வகை ரத்தப் புற்றில் 9-வது, 22-வது குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஆபெல் என்ற கைனேஸ் ஓயாமல் இயங்கும் உருவில் பிறக்கிறது. அதன் ஏடிபி பள்ளத்தில் போய் உட்கார்ந்து அடைக்கும் மாத்திரை இமாட்டினிப். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கைனேஸைக் குறிவைத்து மருந்து செய்ய முடியும் என்று மற்றவர்களை நம்ப வைத்தது அதுதான். இந்தியாவில் அதற்குக் காப்புரிமை கேட்ட வழக்கு சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 2006-ல் மறுக்கப்பட்டதில் தொடங்கி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. மருந்து நிறுவனத்துக்குக் காப்புரிமை கிடைக்கவில்லை. விலை குறைந்த மாத்திரைகள் தொடர்ந்து கிடைக்க அது வழி விட்டது.

சுகர் இருந்தால் காயம் ஏன் ஆறுவதில்லை என்று பலரும் கேட்பார்கள். ஒற்றைப் பதில் கிடையாது. கால் நரம்பு மரத்துப்போவதால் முள் குத்தியதே தெரியாது. ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அதோடு, நாள்பட்ட புண்ணில் ஊறும் நீரில் புரதத்தை வெட்டும் நொதிகள் நிறைந்திருக்கும். வளர்ச்சிக் காரணிகள் ஏற்பியைத் தொடும் முன்பே துண்டாகிவிடும். தட்டணு வளர்ச்சிக் காரணியைப் பசையாகப் பூசும் மருந்து 1997-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இஜிஎஃப் பசையும் நம் நாட்டில் கிடைக்கிறது. ஆனால் புண்ணைச் சுத்தம் செய்து, அழுத்தம் படாமல் வைத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் பசையை மட்டும் நம்பினால் காசுதான் போகும். சேற்றில் இறங்குகிறவர்கள் வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது பாதத்தையும் விரலிடுக்கையும் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பது, எந்தப் பசையைவிடவும் மலிவு.

நெல்லுக்கும் உண்டு

கடைசியாக, இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஆசை வந்த இடம். தாவரங்களுக்கும் ஏற்பிக் கைனேஸ்கள் உண்டு, நம்மைவிட எண்ணிக்கையில் மிக அதிகமாகவே. அவை பெரும்பாலும் செரின், திரியோனின் மேல் பாஸ்பேட் ஏற்றுபவை. டெல்டாவில் நிறையப் பேர் போடும் சம்பா மசூரி, அதாவது பிபிடி 5204, பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கு எளிதில் ஆளாகும். இலையின் ஓரம் நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய்ந்து கீழே இறங்கும். மழையும் காற்றும் சேர்ந்தால் வயலே வைக்கோல் நிறத்துக்கு வரும். இதை எதிர்க்கும் மரபணு ஒன்று ஆப்பிரிக்கக் காட்டு நெல்லில் கிடைத்தது. எக்ஸ்ஏ21 என்று பெயர். பமீலா ரொனால்டின் ஆய்வகம் 1995-ல் அதைப் பிரித்துப் பார்த்தபோது அது ஓர் ஏற்பிக் கைனேஸ்: தலை செல்லுக்கு வெளியே, கைனேஸ் உள்ளே. ஹைதராபாத்தில் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையமும் சேர்ந்து, மரபணு மாற்றம் செய்யாமல் கலப்பின முறையிலேயே, இதையும் இன்னும் இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் சம்பா மசூரிக்குள் கொண்டுவந்தார்கள். 2008-ல் அந்த மேம்பட்ட சம்பா மசூரி வெளியானது.

எக்ஸ்ஏ21 எதைப் பிடித்து விழிக்கிறது என்பது 2015-ல்தான் தெளிவானது. பாக்டீரியா வெளிவிடும் ராக்ஸ்எக்ஸ் என்ற சின்னப் புரதத் துண்டு அது. அதன் வரிசையை ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அது எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. தாவரங்கள் தங்கள் வேரை வளர்த்துக்கொள்ளத் தாங்களே சுரக்கும் வளர்ச்சிப் பெப்டைடு ஒன்றின் சாயல். பயிரின் வளர்ச்சிக் காரணியைப் போலி செய்து உள்ளே வரப் பார்க்கிறது பாக்டீரியா. நெல் சுரக்கும் அசல் வந்தால் எக்ஸ்ஏ21 கண்டுகொள்வதில்லை. போலிக்கு மட்டும் விழிக்கிறது.